ஆனை விலை குதிரை விலை: வண்டிப் பஞ்சமும் மறுவிற்பனை விலையும்

ஒரு பொருளுக்கு அளவுக்கு மிஞ்சிய விலை கேட்கப்படுமிடத்து, "ஆனை விலை குதிரை விலை சொல்லுகிறான்" என்று கூறுவது நம்மவர் வழக்கம். ஆனையும் குதிரையும் முற்காலத்து ஊர்திகள். அவற்றை வாங்கவும் தீனியிட்டுப் பேணவும் அரசரும் செல்வருமே வல்லராயிருந்தனர். இக்காலத்தில் அவற்றின் இடத்தை மோட்டார் வண்டி பிடித்துக்கொண்டது. ஊர்தி மாறியதேயன்றிப் பழமொழியின் பொருத்தம் மாறவில்லை. 2020 ஆம் ஆண்டு தொடக்கம் 2025 ஆம் ஆண்டு வரை இலங்கையில் வாழ்ந்த எவரும் இதனை மறுக்கமாட்டார்.

அவ்வைந்தாண்டுக் காலத்தில் நாம் கண்ணாரக் கண்டது பொருளியல் கற்கும் மாணவருக்கு ஒரு பெரும் பாடமாகும். கரும்பலகையில் இரண்டு கோடுகளாக வரையப்படும் கேள்வியும் நிரம்பலும் வீட்டு முற்றத்தில் நின்ற வண்டியின்மேல் வந்து அமர்ந்து, தம் இயல்பைக் காட்டின. அப்பாடத்தை ஒழுங்குபடுத்திக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடத்தைத் தொடங்குமுன் இருவரை வாசகருக்கு அறிமுகஞ் செய்தல் வேண்டும். இருவரும் எமக்கு நன்கு பழக்கமானவர். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மற்றவர் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் வான் வண்டியின் சொந்தக்காரர். 2021 ஆம் ஆண்டில் இருவரிடமும் தரகர் வந்தனர். "நீங்கள் வாங்கின விலைக்கு மேலேயே தருகிறோம்" என்றனர். ஆசிரியர் விற்றார், வான்காரர் விற்கவில்லை. எவர் செய்தது தக்கது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முதலில் வண்டியின் விலை எவ்வாறு அமைகின்றது என்பதை அறிதல் வேண்டும்.

வழமையான நிலை

சாதாரண காலத்தில் மோட்டார் வண்டி தேய்மானமுறும் பொருள். புதிய வண்டி விற்பனைக் கூடத்தை விட்டு வீதிக்கு இறங்கியவுடனே அதன் பெறுமதி குறையத் தொடங்குகின்றது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, இயந்திரமும் சில்லும் உடலும் ஓட ஓடத் தேய்கின்றன. இரண்டாவது, ஆண்டுதோறும் புதிய மாதிரிகள் வந்து பழையவற்றின் மதிப்பைக் குறைக்கின்றன. மூன்றாவது காரணம் சற்று நுட்பமானது. அது நம்பிக்கையின்மை.

பழைய வண்டியின் குற்றங்குறைகளை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். ஆதலின், "நல்ல வண்டியாயின் இவர் ஏன் விற்கிறார்?" என்னும் ஐயம் வாங்குபவர் உள்ளத்தில் எழுகின்றது. அவ்வையத்துக்கு ஈடாக அவர் விலையைக் குறைத்தே கேட்கிறார். குறைந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க விரும்பார். குறைபாடுள்ள வண்டிகளே சந்தையில் மிகும். இதனை 1970 இல் ஒரு கட்டுரையாக எழுதி விளக்கியவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் யோர்ச் அக்கர்லொவ். குறைபாடுள்ள வண்டியை அமெரிக்கர் 'எலுமிச்சை' எனக் கேலியாகக் கூறுவராதலால், எலுமிச்சைச் சந்தை என்றே அக்கட்டுரை பெயர் பெற்றது. 2001 இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இவ்வாராய்ச்சி முக்கிய காரணமாயிற்று.

இனி, பழைய வண்டியின் விலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது புதிய வண்டியின் விலையே. கடையில் புதிய வண்டி 50 இலட்சத்துக்குக் கிடைக்கும்போது, அதே இனத்துப் பழைய வண்டிக்கு 50 இலட்சம் கொடுப்பார் யார்? ஆகவே புதிய வண்டியின் விலை ஒரு கூரை போன்றது. பழைய வண்டிகள் யாவும் அக்கூரையின் கீழே, வயதுக்குத் தக்கபடி, படிப்படியாக இறங்கி நிற்கின்றன. வழமையான நிலை இதுவாகும்.

கூரை நீங்கியமை

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொரோனாத் தொற்று நாட்டினுள் பரவத் தொடங்கியபோது, அரசாங்கம் மோட்டார் வண்டி இறக்குமதியை நிறுத்தியது. 2019 ஏப்பிரலில் நிகழ்ந்த குண்டுவெடிப்புக்களால் முன்னரே தளர்ந்திருந்த உல்லாசப் பயணத்துறை முற்றாக முடங்கிற்று. அந்நியச் செலாவணி வருவாய் சுருங்கிற்று. நாட்டில் மோட்டார் கார் உற்பத்தி பெரிதாக இல்லை. வெளிநாடுகளிலிருந்து வரும் புதிய வண்டிகளும், யப்பானில் சில காலம் ஓடி இங்கே வந்திறங்கும் 'றீக்கண்டிசன்' வண்டிகளுமே நமது நிரம்பல். அவ்வழி அடைபட்டதும் நாட்டிலுள்ள வண்டிகளின் தொகை ஒரு குளத்து நீர் போலாயிற்று. வாய்க்கால் அடைபட்ட குளத்தில் நீர் வற்றுவதுண்டு, பெருகுவதில்லை. விபத்தினாலும் முதுமையினாலும் கழிந்த வண்டிகளுக்கு ஈடாக வேறு வரவில்லை.

கேள்வியோ குறையவில்லை. தொற்றுக்கு அஞ்சியோர் பஸ் வண்டியைத் தவிர்த்துச் சொந்த வண்டியை நாடினர். தொழில் பெற்ற இளைஞரும், மணம் முடித்த தம்பதியரும், வெளிமாவட்டத்துக்கு இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தரும் முன்போலவே வண்டி தேடினர். நிரம்பல் நிலையாய் நிற்கக் கேள்வி நிற்காவிடின் விலை உயரும் என்பது முதலாண்டு மாணவனும் அறிந்தது. ஆனால் இங்கு நிகழ்ந்தது விலை உயர்வு மாத்திரமன்று. விலையைத் தடுத்துநின்ற கூரையே பெயர்ந்துபோயிற்று. புதிய வண்டி கிடையாதபோது, பழைய வண்டிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அளந்து காட்டுவதற்கு எதுவும் இல்லை. ஐந்தாண்டு ஓடிய வண்டி, வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குப் போயிற்று. தேய்மானம் என்னும் சொல்லே பொருளற்றதாயிற்று.

இன்னொரு நுட்பமும் நோக்கத்தக்கது. பஞ்சம் மேலிருந்து கீழே படிப்படியாக இறங்குகின்றது. புதிய வண்டி வாங்கவிருந்தவர் அது கிடையாமையால் மூன்றாண்டு ஓடியதை வாங்குகிறார். மூன்றாண்டு ஓடியதை வாங்கவிருந்தவர் பத்தாண்டு ஓடியதற்கு வருகிறார். பத்தாண்டு ஓடியதை வாங்கவிருந்தவர் இருபதாண்டுப் பழையதைத் தேடுகிறார். அதற்கும் கீழே நின்றவர் மோட்டார்ச் சைக்கிளுக்கும், மோட்டார்ச் சைக்கிள்காரர் துவிச்சக்கரவண்டிக்கும் இறங்குகின்றனர். ஈற்றில் மிகக் கீழ்ப்படியில் நின்றவருக்கு இறங்குவதற்குப் படி இல்லை. செல்வர் வாங்கும் பொருளில் ஏற்பட்ட பஞ்சத்தின் பாரம் அற்றவர் தோளில் வந்து விழும் வழி இதுவே.

பிற நாடுகளின் அநுபவம்

இவ்விந்தை நமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. 2020 இன் தொடக்கத்தில் அமெரிக்க வண்டி உற்பத்தியாளர், கேள்வி விழுந்துவிடும் என்று கருதிக் கணினிச் சில்லுகளுக்கான கட்டளைகளை நீக்கினர். வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கிய மக்கள் கணினிகளை வாங்கிக் குவித்தமையால் சில்லு உற்பத்தியாளர் அப்பக்கம் திரும்பினர். வண்டிக்குக் கேள்வி மீண்டபோது சில்லு இல்லை. 2021 மார்ச்சில் யப்பானிலுள்ள ரெனேசாசு நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலையில் மூண்ட தீ இக்குறையை மேலும் பெருக்கிற்று. விரல் நகத்தளவான ஒரு பொருள் இல்லாமையால், உருவாகி முடிந்த வண்டிகள் தொழிற்சாலை வெளிகளில் தரித்து நின்றன. விளைவு யாது? அமெரிக்க அரசாங்கத்தின் விலைச் சுட்டெண் கணக்கின்படி, 2021 யூன் மாதத்துடன் முடிந்த பன்னிரண்டு மாதத்தில் பழைய கார்களினதும் சிறு லொறிகளினதும் விலை நூற்றுக்கு 45.2 வீதம் உயர்ந்தது. வண்டி மலிந்த அந்நாட்டில் இவ்வாறு நிகழ்ந்ததெனின், நம் போன்ற தீவின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ!

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானியாவிலும் இஃது நிகழ்ந்தது. போரினால் கடன்பட்ட அந்நாடு டொலர் தேடும்பொருட்டுத் தன் வண்டிகளிற் பெரும்பாலானவற்றை ஏற்றுமதி செய்தது. ஏற்றுமதி செய்யும் ஆலைக்கே உருக்கு வழங்கப்பட்டது. உள்நாட்டார் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். உற்பத்தியாளர் குறித்த விலை தாழ்வாயிருந்தது; சந்தையில் கிடைக்கக்கூடிய விலை உயர்வாயிருந்தது. ஆகவே, வரிசையில் நின்று வண்டி பெற்றவர் மறுநாளே அதனைப் பெரும் இலாபத்துக்கு விற்க முடிந்தது.

இதனைத் தடுக்கும்பொருட்டு மோட்டார் வணிகர் சங்கம், புதிய வண்டி வாங்குவோரிடம் குறித்த காலத்துக்குள் அதனை மறுவிற்பனை செய்வதில்லை என உறுதிமொழி எழுதுவித்தது. அவ்வுறுதியை மீறுமாறு வாங்குவோரைத் தூண்டிய வணிகருக்கு எதிராகச் சங்கம் தொடுத்த வழக்கு ஒன்று 1949 இல் சங்கத்துக்குச் சார்பாகத் தீர்ந்தது. ஒப்பந்தத்தை மீறத் தூண்டுதல் என்னும் குடியியல் தவறைப் பற்றிப் படிக்கும் சட்ட மாணவர் இன்றும் அவ்வழக்கைக் கற்கின்றனர். நமக்கும் இதில் ஒரு தொடர்புண்டு. அங்கே வரிசையில் நின்ற ஆங்கிலேயருக்குக் கிடையாத மொரிசும் ஒசுற்றினும் அக்காலத்திலே கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கின. நம் தந்தையர் பெருமையுடன் ஓட்டிய வண்டிகள் பிறர் காத்திருந்து கைவிட்ட வண்டிகளே.

கிழக்கு யேர்மனியில் திராபந்து என்னும் சிறு வண்டிக்குப் பத்தாண்டுக்கு மேல் காத்திருத்தல் வழக்கமாயிருந்தது. அங்கும் ஓடிய வண்டி புதிய வண்டியின் குறித்த விலையிலும் கூடிய விலைக்கு விற்பனையாயிற்று. காரணம் வெளிப்படை. பழைய வண்டியை இன்றே பெறலாம். புதிய வண்டியைப் பத்தாண்டின் பின்னரே பெறலாம். காத்திருக்கும் காலத்துக்கும் ஒரு விலை உண்டு.

சிங்கப்பூர் மற்றொரு வழியைக் கைக்கொண்டது. சிறு தீவில் வீதிகள் அடைபடாதிருக்க 1990 இல் அவ்வரசாங்கம் வண்டித் தொகைக்கு ஒரு வரையறை விதித்தது. வண்டி வாங்குவோர் முதலில் ஏலத்தில் உரிமைப் பத்திரம் பெறுதல் வேண்டும். அப்பத்திரம் பத்தாண்டுக்கே செல்லும். 2023 இல் சிறிய வண்டிக்குரிய பத்திரத்தின் விலை மாத்திரம் ஓர் இலட்சம் சிங்கப்பூர் டொலரைக் கடந்தது.

இம்முறைகளை ஒப்பிட்டு நோக்கின் ஓருண்மை புலனாகும். பஞ்சம் உண்டாகும்போது வண்டியின் குறித்த விலைக்கும் மக்கள் கொடுக்க ஆயத்தமான விலைக்கும் இடையே ஒரு வித்தியாசத் தொகை பிறக்கின்றது. அத்தொகையை எவராலும் ஒழிக்க முடியாது. அஃது எவர் கையைச் சேரும் என்பதையே மாற்ற முடியும். பிரித்தானியாவில் அது வரிசையில் முன்னின்றவர் கையைச் சேர்ந்தது. சிங்கப்பூரில் அரசாங்கத் திறைசேரியைச் சேர்ந்தது. இலங்கையிலோ 2020 மார்ச்சில் யார் யார் வண்டி வைத்திருந்தனரோ அவர்கள் முற்றத்தில் அது தானாக வந்து நின்றது. உழைப்புக்கோ அறிவுக்கோ கிடைத்த பரிசன்று அது. ஒரு திகதியில் ஒரு பொருளை வைத்திருந்தமைக்குக் கிடைத்தது.

நமது பழைய அநுபவம்

வண்டிப் பஞ்சம் நமக்குப் புதியதன்று. 1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டபோதும் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை பழைய வண்டிகளே கைக்குக் கை மாறி ஓடின. பஞ்சம் நீடிக்கும்போது பழுதுபார்ப்போரின் கைத்திறன் உயர்கின்றது. இதற்கும் ஒரு பொருளியற் காரணம் உண்டு. வண்டியின் விலை குறைவாயின் பெருஞ்செலவு செய்து பழுதுபார்த்தல் நட்டம். அதனைக் கழித்துவிட்டு வேறொன்று வாங்குவதே இலாபம். வண்டியின் விலை ஏறும்போது, முன்னர் நட்டமாயிருந்த அதே பழுதுபார்ப்பு இலாபமாகின்றது.

இதனை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. 1990 இன் பின்னர்ப் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரும்பொருளானபோது, ஒசுற்றின் கேம்பிரிட்சு, ஏ40, மொரிசு மைனர் முதலிய முதிய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை இயக்கிச் சூடேற்றியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அம்முதிய இயந்திரங்களின் அமுக்கவிகிதம் குறைவாதலால் தரங்குறைந்த எரிபொருளையும் அவை ஏற்றுக்கொண்டன. புதிய யப்பானிய இயந்திரங்கள் அவ்வாறு எளிதில் ஏற்கவில்லை. வேறிடங்களில் கழிக்கத்தக்க முதுவண்டி அங்கே நோயாளியை வைத்தியசாலைக்கும் மணமக்களை மண்டபத்துக்கும் கொண்டுசென்றது. ஒரு பொருளின் பெறுமதி அதன் வயதிலில்லை, அஃது அவ்விடத்தில் அவ்வேளையில் ஆற்றும் பணியிலேயே உள்ளது என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

சுருங்கும் அளவுகோல்

இனி 2022 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ரூபாவின் நாணயமாற்று விகிதம் நெகிழவிடப்பட்டது. ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நிலை மாறி, மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. ஏப்பிரல் 12 ஆந் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. செத்தம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 வீதத்தை எட்டியது. 2021 திசெம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 யூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. அதுவும் கிடைக்கவில்லை. எரிபொருள் நிலையங்களின் முன்னே வண்டிகள் இரவு பகலாக வரிசையில் நின்றன. யூலையில் அறிமுகமான எரிபொருள் அனுமதி முறையின்படி காருக்கு வாரம் 20 லீற்றரும் முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றரும் மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றரும் வழங்கப்பட்டன.

எரிபொருள் வண்டியின் இணைபொருள். இணைபொருள் கிடையாதெனின் வண்டியின் விலை விழவேண்டும் என்பதே பாடநூலின் கூற்று. ஓடமுடியாத வண்டிக்கு அப்போதும் விலை ஏன் நின்றது? மக்கள் வண்டியை ஊர்தியாக மாத்திரம் நோக்கவில்லை. கரையும் ரூபாவிலிருந்து தம் சேமிப்பைக் காக்கும் பெட்டகமாகவும் நோக்கினர். இஃது அக்காலத்தின் தனிச்சிறப்பு.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். வண்டி விலைகளை விளக்கத்துக்காகக் கற்பித்துக்கொள்கிறோம். நாணயமாற்று விகிதங்கள் உண்மை நிலையை ஒட்டியவை. 2019 இன் இறுதியில், ஒரு டொலர் 180 ரூபாவாயிருந்தபோது, ஒருவர் 36 இலட்சத்துக்கு ஒரு வண்டி வாங்கினார் எனக் கொள்வோம். அவர் கொடுத்தது 20,000 டொலர்ப் பெறுமதி. 2021 இல், டொலர் 200 ரூபாவாயிருந்தபோது, அதனை 40 இலட்சத்துக்கு விற்றார். நான்கு இலட்சம் இலாபம் என்று மகிழ்ந்தார். ஆனால் 40 இலட்சத்தை 200 ஆல் வகுத்தால் வருவதும் அதே 20,000 டொலரே. இரண்டாண்டு ஓடிய வண்டி தன் பெறுமதியைக் காத்தது என்பது உண்மை; செல்வம் பெருகிற்று என்பது உண்மையன்று.

அவர் அப்பணத்தை வங்கியிலிட்டார். 2022 மே மாதத்தில் 40 இலட்சத்தின் டொலர்ப் பெறுமதி ஏறத்தாழ 11,100 ஆகச் சுருங்கிற்று. வட்டி சிறிது சேர்ந்ததாயினும் அவ்வீழ்ச்சிக்கு அஃது ஈடாகவில்லை. விற்காது வைத்திருந்தவரின் வண்டி 72 இலட்சம் கேட்கப்பட்டதெனக் கொண்டால், 72 இலட்சத்தை 360 ஆல் வகுக்க, வருவது மறுபடியும் 20,000 டொலர். அவரும் செல்வராகவில்லை, உள்ளதை இழக்காதிருந்தார், அவ்வளவே. முழக்கோல் ஆண்டுதோறும் சுருங்குமாயின், அதனால் அளக்கப்படும் துணி நீண்டுகொண்டே போவதாகத் தோன்றும். துணி நீளவில்லை, கோலே சுருங்கிற்று.

மேலும், ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவர் அதனை விற்று வேறொன்று வாங்கவேண்டியவராயின், அவருக்கு விலையேற்றத்தால் யாதொரு பயனுமில்லை. கூடிய விலைக்கு விற்று, கூடிய விலைக்கே வாங்குகிறார். உண்மையாகப் பயன்பெற்றவர் மேலதிக வண்டி வைத்திருந்தோரும், நாட்டை விட்டுப் புறப்பட்டோரும், தரகருமே. இழந்தவர் முதல் வண்டியைத் தேடிய இளையோரும், தொழிலுக்கு வண்டியின்றி இயலாதோருமாவர்.

கதவு திறந்தபின்

2025 பெப்ரவரியில் தனியார் வண்டி இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. விலைகள் 2019 இன் நிலைக்கு இறங்கும் எனப் பலர் எதிர்பார்த்தனர். அவ்வாறு நிகழவில்லை. ஏன் என்பதைக் கணக்கிட்டே காணலாம். துறைமுகத்துக்கு வந்து சேரும்போது 10,000 டொலர் பெறுமதியான ஒரு வண்டி, டொலர் 180 ரூபாவாயிருந்தபோது 18 இலட்சம். 2025 இன் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 300 ரூபா. அதே வண்டி 30 இலட்சம். இதன்மேல் 20 வீதச் சுங்கத் தீர்வை 6 இலட்சம். அத்தீர்வையிற் பாதியளவான மேற்கட்டணம் 3 இலட்சம். ஆக 39 இலட்சம். இதன்மேல் இயந்திரத்தின் கொள்ளளவை நோக்கி விதிக்கப்படும் உற்பத்தித் தீர்வை. விலையுயர்ந்த வண்டியாயின் சொகுசு வரியும் உண்டு. ஈற்றில், முந்திய தீர்வைகளையும் சேர்த்த தொகைமீது பெறுமதிசேர் வரி. 2020 இல் 8 வீதமாயிருந்த அவ்வரி 2024 சனவரி தொடக்கம் 18 வீதமாயிற்று. வரியின்மீது வரி ஏறும்போது தொகை எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதை மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம்.

ஆகவே, கூரை மீண்டும் வந்தது; ஆனால் முன்னைய உயரத்தில் வரவில்லை. கூரை உயர்ந்தமையால் அதன் கீழ் நிற்கும் பழைய வண்டிகளும் முன்னைய படிகளுக்கு இறங்கவில்லை. பஞ்சத்தால் ஏறிய விலை பஞ்சம் நீங்கியதும் இறங்கும். நாணயம் தேய்ந்தமையாலும் வரி கூடியமையாலும் ஏறிய விலை அவ்வாறு இறங்காது. விலையேற்றத்தில் எப்பங்கு எதனால் வந்தது எனப் பிரித்தறிதலே இப்பாடத்தின் உயிர்நாடி.

வாங்குவோர் எண்ணவேண்டியவை

இத்தகைய காலம் மீண்டும் வருதல் கூடும். அதுபற்றி இளைய பழைய மாணவருக்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

முதலாவதாக, கேட்கப்படும் விலையைப் பழைய விலையுடன் ஒப்பிடற்க. அதே வண்டியை இன்று இறக்குமதி செய்தால், அல்லது இறக்குமதி திறக்கப்படின், எவ்வளவாகும் என்பதுடன் ஒப்பிடுக. அதுவே உண்மையான கூரை.

இரண்டாவதாக, பஞ்ச காலத்தில் வாங்குவோர் அவசரப்படுவர். அவசரத்தில் ஐயம் மறையும். எலுமிச்சைகள் நல்ல விலைக்குப் போவதும் அக்காலத்திலேயே. நம்பிக்கையான கராஜ்காரர் ஒருவரைக் கொண்டு வண்டியைப் பரிசோதித்தல் வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி ஆண்டையும் பதிவு ஆண்டையும் தனித்தனி நோக்குதல் வேண்டும். முழு உரித்தாளர் என்ற இடத்தில் ஒரு குத்தகைக் கம்பனியின் பெயர் இருக்குமாயின், கடன் தீர்ந்தமைக்கு அத்தாட்சி பெறாது பணங்கொடுத்தல் ஆகாது.

மூன்றாவதாக, கடனின் காலத்தைப் பஞ்சத்தின் காலத்துடன் ஒப்பிடுக. பஞ்சத்தின் உச்சியில் ஐந்தாண்டுக் கடனுக்கு வாங்கிய வண்டியின் விலை இரண்டாண்டில் விழலாம்; கடன் விழாது. 2021, 2022 ஆம் ஆண்டுகளில் உச்ச விலைக்கு வாங்கிய அமெரிக்கர் பலர், பின்னர்த் தம் வண்டியின் விலையிலும் கடன் மீதி கூடியிருக்கக் கண்டனர். நமது மத்திய வங்கி 2022 ஏப்பிரல் 8 ஆந் திகதி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

நான்காவதாக, விற்பதற்கு முன், "விற்ற பணத்தை எதுவாக வைத்திருப்பேன்?" என்று கேட்டுக்கொள்க. விலை ஏறுகின்றது என்பது விற்பதற்கு ஒரு காரணமாகாது. விலை ஏறுவது பொருளாலா, பணத்தாலா என்று அறிந்தபின்பே விற்றல் தகும்.

முடிவுரை

இனி நாம் தொடக்கத்திற் கூறிய இருவரிடம் திரும்புவோம். ஆசிரியர், ஓராண்டில் இறக்குமதி திறக்கும், விலை விழும், அப்போது இதிலும் நல்ல வண்டியை வாங்கலாம் என்று எண்ணி விற்றார். வங்கிப் புத்தகத்தில் எண் குறையவில்லை. ஆனால் கதவு திறந்த 2025 இல், அவர் விற்ற வண்டியைப் போன்ற ஒன்றையேனும் அவ்வெண்ணால் வாங்க இயலவில்லை. மாதந்தோறும் கிளினிக்குக்கு முச்சக்கரவண்டியிற் செல்கிறார். வான்காரர் செல்வராகவில்லை. 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவுகளைக் கழித்தார், உதிரிப்பாகத்துக்கு அலைந்தார். ஆயினும் வான் அவரிடம் இருந்தது. காலையில் பிள்ளைகள் பாடசாலை சென்றனர். அவர் அடுப்பு எரிந்தது. தமக்குப் பொருளியல் தெரியாது என்பார் அவர். "வானை விற்றால் நாளைக்கு எதை ஓட்டுறது?" என்ற ஒரு வினாவையே அவர் தம்மைக் கேட்டுக்கொண்டார். அவ்வினாவே பொருளியல்.

ஆசிரியரைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. விற்பதற்கு முதல் நாள் மாலை அவர் எம்மிடம் வந்து ஆலோசனை கேட்டார். படத்தையும் கோட்டையும் வரைந்து, "விலை இதற்கு மேல் ஏறாது, விற்றுவிடுங்கள்" என்று கூறியவர் நாமே. கேள்வியையும் நிரம்பலையும் நோக்கினோம். அவற்றை அளக்கும் ரூபாவை நோக்க மறந்தோம். அவர் அதனை ஒருநாளும் சுட்டிக்காட்டியதில்லை. சந்திக்கும்போதெல்லாம் முன்போலவே அன்புடன் பேசுகிறார். அவ்வன்புக்கு யாம் செலுத்தக்கூடிய கடன், அப்பிழையை மற்றையோர் செய்யாவண்ணம் எழுதிவைத்தலே. இதனைக் கற்கும் மாணவர், எப்பொருளின் விலையை நோக்கும்போதும் அவ்விலையைச் சொல்லும் நாணயத்தையும் சேர்த்தே நோக்கும் பழக்கத்தைக் கைக்கொள்வராயின், இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.